வலிவாங்கி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தேரிமேடு சிறையில் மருத்துவராக இருக்கும் பெண்ணுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. கைதிகளைத் திட்டுவேன், வார்டர்களைத் திட்டுவேன், சூப்பிரண்டை மட்டும் மரியாதை கொடுத்துத் திட்டுவேன். சிறைகளை எல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருந்த காலம் அது. வாரத்துக்கு ஒருவர் மாத்திரையோடும் மிஷினோடும் வந்து நிற்பார், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். ரகோத்தமன் வந்தபோது மட்டும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடிக்கிறவனுக்கே அடி வாங்குறவனோட வலி வந்துட்டா, அப்புறம் யார் டாக்டர் அடிப்பாங்க?" என்றார் அவர்.

பிடரியில், தோலுக்கு அடியில், அரிசி அளவு ஒரு சில்லு. அதற்கு இரண்டு வேலை. தன்னைச் சுமப்பவனுக்கு வலித்தால் அந்த வலியை வெளியே அனுப்பும். கையெட்டும் தூரத்தில் இன்னொருவனின் சில்லு அனுப்பும் வலியை வாங்கி, இவனுடைய மூளையில் அதே இடத்தில் அதே அளவில் இறக்கிவிடும். காயம் வராது, வலி மட்டும் வரும். ஆராய்ச்சி நிலையம் அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது. எங்கள் கைதிகள் ஒரே நாளில் 'வலிவாங்கி' என்று மாற்றிவிட்டார்கள்.

ஒத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு நிஜ வலிவாங்கி, மீதிப் பேருக்கு டம்மி. டம்மியும் வலியை அனுப்பும், ஆனால் வாங்காது. எவன் பிடரியில் எது இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ரகோத்தமனுக்கே தெரியாது. சென்னையில் சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழுவுக்கு மட்டும் தெரியும்.

"உங்களுக்குமா தெரியாது? நல்ல கூத்தால்ல இருக்கு!" என்றேன்.

"தெரிஞ்சா நான் பார்க்க ஆசைப்படுறதைத்தான் பார்ப்பேன் டாக்டர். என் கண்ணை நானே நம்பக் கூடாது."

மனிதர் பேச்சில் பகட்டு இல்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. அது இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

முதல் சண்டை தண்ணீர்க் குழாயடியில் நடந்தது. தவசி என்பவன் கொம்பையாவின் மூக்கில் ஓங்கிக் குத்தினான். கொம்பையாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, ஆனால் தரையில் விழுந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு புரண்டவன் தவசி. கொம்பையா ஒரு நொடி விழித்தான். பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் வழிய வழியச் சிரித்துக்கொண்டே தவசியின் விலாவில் மிதித்தான். மிதித்ததில் தனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி மிதித்தான், எலும்பு உடையும்வரை மிதித்தான். ஒருவனுக்கு நிஜம், ஒருவனுக்கு டம்மி. விலா உடைந்தவனுக்கு நான்தான் கட்டுப் போட்டேன், உடைத்தவனைத் தனி அறையில் பூட்டினார்கள்.

"இதுக்குப் பேரு ஆராய்ச்சியா? நாசமாப் போக!" என்று கத்தினேன். ரகோத்தமன் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் சோதனையை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு தேரிமேட்டில் ஒரு அடிதடி கிடையாது. தன் பிடரியில் இருப்பது எதுவென்று தெரியாமல் எவன் கையை ஓங்குவான்? விழுந்தால் எதிராளி மேலே ஏறி மிதிப்பானே. சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது இடித்துக்கொண்டால்கூட, "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று கொலைக் கைதிகள் கும்பிட்டார்கள். சூப்பிரண்ட் பூபாலன் வாயெல்லாம் பல்லாக நடந்தார். அமைச்சரை அழைத்து விழா வைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

ரகோத்தமன் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், ஜெயிச்சுட்டு இப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"யார் ஜெயிச்சா? நிஜம் போட்டவனும் அடிக்கல, டம்மி போட்டவனும் அடிக்கல. பேய் பிடிக்காம இருக்க ஒரு மருந்து கொடுக்கிறேன்னு வைங்க. சாப்பிட்டவனுக்கும் பேய் பிடிக்கல, சாப்பிடாதவனுக்கும் பிடிக்கல. மருந்து வேலை செஞ்சுதுன்னு ஒத்துக்குவீங்களா?"

"மாட்டேன்."

"இங்க வேலை செய்யறது பயம். என் சில்லு அடிக்கிறவனை நிறுத்துமான்னு எனக்கு இன்னும் தெரியாது. இதுவரைக்கும் ஆமாம்னு பதில் வர்ற மாதிரியே கேள்வி கேட்டுட்டிருக்கேன். ஆமாம் எத்தனை வந்தாலும் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. நான் சொன்னது தப்புன்னா தப்புன்னு முகத்துல அறையுற மாதிரி ஒரு சோதனை வேணும். அதுலயும் பிழைச்சு வந்தாத்தான் இதை நம்பலாம்."

"அதுக்கு?"

"பயத்துக்கு அடங்காத ஒருத்தன் வேணும். என்ன ஆனாலும் சரின்னு ஒருத்தனை அடிக்கப்போறவன். அவனையும் சில்லு நிறுத்தினா, நிறுத்தினது சில்லுதான்."

அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்பது சிறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கொம்பன்மடைக்கும் ஆலடிவிளைக்கும் குளத்து மீன் குத்தகையில் தகராறு. அதில் ஆலடிவிளை இசக்கியப்பன், கொம்பன்மடைச் செல்லப்பாண்டியை வயலில் வைத்து வெட்டிக் கொன்றான். செல்லப்பாண்டியின் அண்ணன் சுடலைக்கண்ணு பழிக்கு இசக்கியப்பனின் சித்தப்பா மகனை வெட்டினான். இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை, இரண்டு பேரும் எங்கள் சிறையில். நடுவில் ஒரு பெரிய மதில், ஒருவன் வெளியே வரும் நேரத்தில் இன்னொருவன் உள்ளே. "இசக்கியப்பன என் கையால வெட்டாம எனக்குச் சாவு கெடையாது" என்று சுடலைக்கண்ணு கோர்ட்டிலேயே சொல்லிவிட்டு வந்தவன்.

இரண்டு பேருமே சோதனையில் சேர்ந்திருந்தார்கள். இசக்கியப்பன் தண்டனைக் குறைப்புக்காகச் சேர்ந்தான். சுடலைக்கண்ணு எதற்காகச் சேர்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

"அந்த மதிலைத் திறந்து ரெண்டு பேரையும் ஒரே தோட்டத்துல வேலைக்கு விடணும்," என்றார் ரகோத்தமன்.

"சார், நீங்க படிச்சவர்தானா? ஒரு மனுஷன் உசிரை வச்சா உங்களுக்குக் கேள்வி கேட்கணும்?"

"இந்தக் கேள்வியைக் கேட்காம இதை நாடு பூரா போட்டா, எத்தனை உசிரு டாக்டர்?"

அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

இசக்கியப்பன் சம்மதித்துவிட்டான். இதற்கு ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விடுதலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று பூபாலன் ஆசை காட்டியிருந்தார். "அம்மா, மதிலுக்கு இந்தப் பக்கம் பயந்து பயந்து கெடக்கதுக்கு ஒரு நாள் பாத்துப்புடலாம். எம் மவ பெரியவளாயிட்டா. வீட்டுக்குப் போவணும்," என்றான் என்னிடம்.

மறுநாள் மனு போட்டு அவனைப் பார்க்க வந்த அவன் மனைவி பேச்சித்தாய், திரும்பும் வழியில் நேராக என் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தாள். மெலிந்த பெண். தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"டாக்டரம்மா, அந்தச் சொடலக்கண்ணுக்குப் போட்டது நெசமா, டம்மியா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்லுததுக்கா டாக்டருக்குப் படிச்சிய?"

நான் எல்லோரையும் கேட்கிற கேள்வியை அவள் என்னைக் கேட்டாள். சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே ரகோத்தமனின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சென்னைக்குப் போன் பண்ணுங்க. சுடலைக்கண்ணுக்கு டம்மியா இருந்தா இது சோதனையே இல்ல, கொலை. தெரியாம அந்த மதில்ல ஒரு செங்கல்லை எடுக்க விட மாட்டேன். பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டு வந்து வாசல்ல உக்காருவேன்."

"நீங்க சொல்றது சரி. டம்மின்னா எனக்கும் பிரயோஜனம் இல்ல," என்று போனை எடுத்தார்.

பதில் வந்தது. சுடலைக்கண்ணுக்கு நிஜம், இசக்கியப்பனுக்கு டம்மி. நான் அதையும் நம்பவில்லை. சுடலைக்கண்ணுவை வரச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்து, அவன் கண்ணைக் கட்டி, பக்கத்தில் சில்லு போட்ட இன்னொரு கைதியின் சுண்டுவிரலில் ஊசியால் குத்தினேன். சுடலைக்கண்ணு வெடுக்கென்று தன் சுண்டுவிரலை இழுத்துக்கொண்டான். எத்தனை முறை, எந்த விரலில் குத்தினாலும் அப்படித்தான். எனக்குப் போன உயிர் வந்தது.

"அவன்கிட்டச் சொல்லிடலாமா?" என்று ரகோத்தமனைக் கேட்டேன். சொன்னால் பயப்படுவான் என்பது என் எண்ணம்.

"சொல்லுங்க. தெரிஞ்சும் அடிக்கிறானான்னு பார்க்குறதுதான் கஷ்டமான சோதனை."

கண் கட்டை அவிழ்த்தேன். "ஏலே சுடலை, நல்லாக் கேட்டுக்கோ. உனக்குப் போட்டது நெசம். நீ அவனைத் தொட்டாலே போதும், அவன் படுற வலி பூரா உனக்கு வரும்."

அவன் தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி ஆள், கண் கலங்கியிருந்தது.

"முழுசா வருமாம்மா? கொறச்சலா வராதே?"

"முழுசா வரும். ஒரு பொட்டு குறையாது."

"சரிங்கம்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பயந்துவிட்டான் என்றே நினைத்தேன். பேச்சித்தாய்க்கு நானே போன் செய்து, "நெசம்தான். பயப்படாதம்மா, உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் போனிலேயே அழுதாள்.

காலையில் மதில் கதவைத் திறந்தார்கள். கத்தரித் தோட்டத்தில் களை எடுக்கும் வேலை. கையில் களைக்கொத்து வேண்டாம் என்று நான் கத்திப் பார்த்தேன். "கையால களை புடுங்கச் சொன்னா சந்தேகப்படுவாங்க டாக்டர்," என்று பூபாலன் சொல்லிவிட்டார். வேலி ஓரத்தில் நான், அவர், ரகோத்தமன், லத்தியோடு வார்டர்கள். வார்டர்களுக்கு ரகோத்தமன் ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தார். முதல் அடி விழுந்து அடித்தவன் சுருண்டுவிட்டால் யாரும் கிட்டப் போகக் கூடாது. அவன் எழுந்து என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

சுடலைக்கண்ணு பாத்தி பாத்தியாகக் களை எடுத்துக்கொண்டே வந்தான். அவசரமே இல்லை. இசக்கியப்பனுக்கு எதிரே வந்ததும் நிமிர்ந்தான். இசக்கியப்பன் சிரிக்க முயன்றான்.

களைக்கொத்து இறங்கியது. இசக்கியப்பன் தடுக்கத் தூக்கிய இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, எலும்புவரை இறங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். சுடலைக்கண்ணு ஆயுதத்தைப் போட்டுவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாத தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்து துடித்தான்.

"பாத்தீங்களா! விழுந்துட்டான் பாருங்க!" என்று பூபாலன் கை தட்டினார். ஓடப்போன வார்டர்களை ரகோத்தமன் கை நீட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். எனக்குமே ஒரு நொடி அந்தச் சந்தோஷம் இருந்தது.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் இசக்கியப்பன். ஓடியிருக்கலாம். ரத்தம் சொட்டும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விழுந்து கிடந்தவனைப் பார்த்து, "போதும் அண்ணாச்சி. இதோட விட்ருவோம். ரெண்டு பேருக்கும் வேண்டாம்," என்றான்.

சுடலைக்கண்ணு எழுந்தான். இடது கை செயலற்றுத் தொங்க, வலது கையால் களைக்கொத்தை எடுத்தான். இரண்டாவது வெட்டு தோளில். மறுபடி இரண்டு அலறல். அவன் தடுமாறினான், வாந்தி எடுத்தான், விழவில்லை. "பிடிங்கல! பிடிங்க!" என்று கத்திக்கொண்டு நான்தான் முதலில் வேலியைத் தாண்டினேன். வார்டர்கள் ரகோத்தமனின் கையைப் பார்த்தார்கள். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. இறக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வெட்டு தொடையில். இசக்கியப்பன் மண்டியிட்டு விழுந்தான். சுடலைக்கண்ணுவும் மண்டியிட்டான். இரண்டு பேரும் நேருக்கு நேர், ஒரே மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்கள். சுடலைக்கண்ணு அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். பிறகு கழுத்தில் வெட்டினான். அந்த வெட்டுக்கு இரண்டு பேருமே கத்தவில்லை.

நான் போய்ச் சேர்ந்து, இசக்கியப்பனின் கழுத்தில் என் இரண்டு கையையும் வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. கத்தரிச் செடிகளுக்கு நடுவில், என் மடியிலேயே போய்விட்டான். வார்டர்கள் அப்போதுதான் வந்து சுடலைக்கண்ணுவை லத்தியால் விளாசினார்கள். அவன் தடுக்கக்கூட இல்லை.

அவன் தலையில் நான்தான் தையல் போட வேண்டியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

"ஏன்ல? அவ்வளவு வலிச்சிருக்கு. முதல் வெட்டோட விட்டிருக்கலாம்ல, பாவி!"

"விட்டா எப்படிம்மா தெரியும்?" என்றான். குரலில் பகை இல்லை, களைப்புதான் இருந்தது. "கோர்ட்டுல எந் தம்பி ஒடம்புல இருந்த வெட்டு ஒவ்வொண்ணா டாக்டரு வாசிச்சாரு. எடது கையி, தோளு, தொட, கழுத்து. எங்கம்மா பக்கத்துல இருந்துக்கிட்டு, ஏலே, எம் புள்ளைக்கு எம்புட்டு வலிச்சிருக்கும்னு கேட்டா. அன்னைலேர்ந்து வீட்டுக்கு யாரு வந்தாலும் அதையேதான் கேக்கா. எனக்குச் சொல்லத் தெரியல. இதப் போட்டுக்கிட்டு அடிச்சா அடிபடுதவன் வலி நமக்கு வரும்னு சொன்னாவ பாருங்க, அப்பவே கைநாட்டு வச்சுட்டேன். டம்மியா இருந்துருமோன்னுதான் பயம்."

நூல் விரலில் சிக்கிக்கொண்டது.

"அதே எடத்துல, அதே வரிசைல வெட்டுனேன். மூணாவதுலேயே மரத்துப் போச்சும்மா. கழுத்துல விழுந்தது அவனுக்குத் தெரியவே இல்ல. குளிர்ந்த மாதிரி இருந்துச்சு, அம்புட்டுதான். எங்கம்மா மனு பாக்க வாரப்ப இதச் சொல்லணும். கேட்டா தூங்குவா."

வெளியே வந்தேன். வராந்தாவில் பூபாலன் ரகோத்தமனின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"டம்மின்னு எழுதிடுங்க சார். சென்னையில மாத்திச் சொல்லிட்டாங்கன்னு எழுதுங்க. சில்லு நல்ல சில்லு, ஆளு மாறிப்போச்சு. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அது நிஜ சில்லு," என்றார் ரகோத்தமன். சட்டையெல்லாம் மண். "நிஜம், நல்லா வேலை செஞ்சது. என் கொள்கைதான் தப்பு. ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு சாக்குச் சொல்லிக் காப்பாத்தினா அது விஞ்ஞானமே இல்ல. வலின்னா எல்லாரும் விலகிப் போவாங்கன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். அதை ஒரு தடவைகூடச் சோதிக்கல. இன்னைக்குத்தான் நமக்கு நிஜமா ஒண்ணு தெரிஞ்சிருக்கு, டாக்டர்."

ஓங்கி அறைந்தேன். அவர் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, முடிவுரையை எழுத உள்ளே போனார். உள்ளது உள்ளபடி எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகு பேச்சித்தாய் உடலை வாங்க வந்தாள். கூட வந்த ஊர்க்காரர்கள் வேன் பக்கத்தில் நின்றார்கள். அவள் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் என்னை ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"நெசம்தான்னு சொன்னிய," என்றாள்.

"ஆமாம்மா. நெசம்தான். நான் பொய் சொல்லல."

"அப்பம் எங்க வீட்டுக்காரவ பட்ட பாடு பூரா அவனுக்குத் தெரியும்."

"தெரியும்மா," என்றேன்.

"கட்டுனவ எனக்குத் தெரியல. பெத்த மவளுக்குத் தெரியல. வெட்டுனவனுக்குத் தெரியும்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு பின்பக்கம் திரும்பி, கொண்டையைத் தூக்கி, பிடரியைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணு போடுங்க டாக்டரம்மா. டம்மி வேண்டாம்."

"பேச்சித்தாய்! என்ன பேசுற நீ? புத்தி கெட்டுப் போச்சா?"

"அவன் பிடரில இருக்கத இன்னும் எடுக்கலல்லா? அவனுக்கு வலிச்சா அது அனுப்பும்லா?" என்றாள், திரும்பாமலேயே. "அப்பம் எனக்கு மட்டும் போட்டாப் போதும்."